கஞ்சா சீன்

ஜனவரி 3

புரொடக்‌ஷன் மேனேஜர் புது வருஷத்துக்கு ஒரு டைரி கொடுத்தார். "தணிகாசலண்ணே, இனிமே ஷூட்டிங் தேதி மறந்துபோச்சுன்னு கதை விடக்கூடாது" என்றார். அஞ்சாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் கையில் டைரி! வேதவல்லி புரட்டிப் பார்த்துவிட்டு, "பேப்பர் நல்லா வழவழன்னு இருக்கு, பஜ்ஜி எண்ணெய் ஒத்தி எடுக்கலாம்" என்றாள். அவள் அப்படிச் சொன்னதற்காகவே எழுதப்போகிறேன்.

முதல் பக்கத்தில் பெயர் எழுதச் சொல்கிறது. தணிகாசலம். சினிமாவில் டமாரம் தணிகாசலம். ஹீரோ அறைவார், மாடு முட்டும், சாக்கடையில் விழுவேன். இத்தனை வருஷமாக இதுதான் உத்தியோகம். என்னைப் பார்க்கிறவர்களுக்கு முகம் தெரியும், பெயர் வராது. போன வாரம் வடபழனி பஸ்ஸில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டுக் கல்யாணத்துல நீங்கதானே சமையல்? சாம்பார் பிரமாதம்" என்றார். நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன்.

ஜனவரி 11

ஷூட்டிங் இல்லை. வீட்டில் ஒட்டடை அடித்தேன்.

என் மச்சான் பூபாலனைப் பற்றி எழுத வேண்டும். வேதவல்லியின் தம்பி. அம்மா போன பிறகு இவள்தான் சோறு ஊட்டி வளர்த்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை, ஆகவே அவனே பிள்ளை, அவனே மச்சான். மச்சானைக் கிண்டல் செய்யாவிட்டால் மாமனுக்குச் சோறு செரிக்காது. ஷூட்டிங்கில் லைட்மேனாக இருந்தான். நல்ல வேலைக்காரன். ஹைதராபாத் பக்கம் வெளியூர் ஷூட்டிங் போய்விட்டு வந்தவன், அதன் பிறகு வேலைக்கே போகவில்லை. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பான். "மச்சான், தொட்டிக்கு வாட்ச்மேன் வேலை பார்க்கிறியா?" என்று கேட்பேன். சிரிக்க மாட்டான்.

மாடியிலிருந்து வருகிற வாசனை எனக்கும் தெரியும், வேதவல்லிக்கும் தெரியும். கொசுவர்த்தி என்று நான் சொல்வேன். அவள் ஜன்னலைச் சாத்துவாள்.

இப்போது புதிதாக ஒரு கூத்து. வீட்டுக்குள் வருவதற்கு முன் செருப்பைக் கழற்றுகிறான். கழற்றி, குனிந்து, இரண்டையும் ஒட்டி வைத்து, மூக்கை வெளிப்பக்கமாகத் திருப்புகிறான். பிறகு அதுங்களைப் பார்த்து மெதுவாகச் சொல்கிறான்: "எங்கேயும் போயிடாதீங்க. இதோ வந்துடறேன்."

செருப்பு என்றால் என்ன செருப்பு! நீல வாரு, ஒரு பக்கம் ஊக்கு குத்தியது. காலுக்கு ஒரு சைஸ் பெரிசு. "என்னடா, காலுக்குப் படகு வாங்கினியா?" என்று கேட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் அதை அப்படியே நடித்துக் காட்டினேன். கண்ணைப் பாதி மூடி, குனிந்து, தட்டைத் திருப்பிவைத்து, "எங்கேயும் போயிடாதீங்க." வேதவல்லிக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. பூபாலன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் அவன்தான் அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான்.

ஜனவரி 19

அடித்தது யோகம். ஒரு படத்தில் கஞ்சா சீன். முழுசாக ஒரு சீன், எனக்கே எனக்கு.

டைரக்டர் சின்ன வயசுத் தம்பி. "அண்ணே, ஹீரோ சோகமா இருக்கான். அப்ப நீங்க கஞ்சா போட்டுட்டு வர்றீங்க. தியேட்டர் அதிரணும்" என்றார். நான் பீடி கூடப் பிடித்ததில்லை. ஆனால் திரையில் நான் ஊதாத ஊதலா! முன்பெல்லாம் சாமியார் வேஷம் கட்டி, சிலும்பியை வாயில் வைத்துக்கொண்டு முழிக்க வேண்டும். அப்புறம் ரவுடிக்கு எடுபிடி, இருமிக்கொண்டே கத்தியைத் தவறவிட வேண்டும். இப்போது ஹீரோவுக்கு நண்பன், லைட் கம்பத்தோடு பேச வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே சிவந்த கண், ஒரே கெக்கெக்கே. கஞ்சா அடித்தவனுக்குப் பசி எடுக்குமாம், பிரியாணி அண்டாவுக்குள் தலையை விடுவான். அடுத்த சீனில் குளித்து, விபூதி வைத்து, கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுவான்.

எங்கள் வீட்டில் ஒருத்தன் இரண்டு இட்லியை வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறான். இதை எடுத்தால் யார் பார்ப்பார்கள்?

டைரக்டர் தம்பி, "பழைய லைட் கம்பம் எல்லாம் வேணாண்ணே. யாரும் பார்க்காத மாதிரி ஏதாவது புதுசா பண்ணுங்க" என்றார்.

என்னிடம் புதுசு இருக்கிறது.

ஜனவரி 24

ஏழு மணிக்கு ஷூட்டிங். ஸ்டுடியோவுக்குள்ளேயே ஒரு தெரு போட்டிருந்தார்கள். பீடிக்குள் காய்ந்த துளசியைத் திணித்துக் கொடுத்தார்கள். கண்ணுக்கு ஏதோ சொட்டு மருந்து. பெருமாள் கோயிலுக்குள் மிளகாய்ப் பொடி தூவிய மாதிரி இருந்தது என் மூஞ்சி.

ஆர்ட் டிபார்ட்மென்ட் கொடுத்த செருப்பு புத்தம் புதுசு. அதோடு எப்படிப் பேசுவது? நல்லவேளை, நான் வரும்போதே வாசலில் கிடந்த மச்சான் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். நீல வாரும் ஊக்கும் கேமராவில் தனியாகத் தெரிகிறது என்று கேமராமேனே சொன்னார்.

ஹீரோ வீட்டு வாசல். தள்ளாடி வருகிறேன். செருப்பைக் கழற்றுகிறேன். குனிந்து திருப்புகிறேன். "எங்கேயும் போயிடாதீங்க. இதோ வந்துடறேன்." ஹீரோவே சிரித்துவிட்டார். டைரக்டர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். மேக்கப்மேன், டீ கொடுக்கிறவர், எல்லாரும் சிரித்தார்கள்.

மேலே பலகையில் உட்கார்ந்திருந்த லைட்மேன்கள் மட்டும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு வெக்கை, பாவம்.

மதியம் சாப்பிடும்போது சீனியர் லைட்மேன் தேவசகாயம் பக்கத்தில் வந்து நின்றார். "அண்ணே, இந்தச் செருப்பு ஏது?"

"என் மச்சானுது. பூபாலன். உங்களோட வேலை பார்த்தவன்தானே? அவன்கிட்டேருந்து சுட்ட சீன்தான் இது" என்றேன்.

"எப்படி இருக்கான்?"

"ராஜா மாதிரி. வேலை இல்லை, வெட்டி இல்லை, மாடியில தர்பார்."

அவர் சாப்பிடாமல் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தால் வேதவல்லி வாசலில். "அவன் செருப்பை எடுத்துட்டா போனீங்க? தெரு முழுக்கத் தேடினான். குப்பைத்தொட்டியைக் கவுத்துப் பார்த்தான். எதிர்வீட்டுக்காரங்ககூடச் சண்டை." செருப்பைக் கீழே வைத்தேன். அவன் வந்து, அதைத் தூக்கி, சட்டையால் துடைத்தான். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 6

டப்பிங். அந்த வசனத்தை இருட்டு ரூமில் மைக் முன்னால் மறுபடி பேசினேன். எனக்கே சிரிப்பு.

பிப்ரவரி 20

வேதவல்லி அவனை டாக்டரிடம் அழைத்துப்போக வேண்டும் என்கிறாள். தூங்குவதில்லையாம், தனக்குத்தானே பேசுகிறானாம். "நான்கூடத்தான் பேசறேன், எனக்கு அதுக்குக் காசு குடுக்கிறாங்க" என்றேன். அவள் சிரிக்கவில்லை. படம் வெளியாகட்டும், கையோடு கூட்டிப்போகலாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

குக்கருக்குப் புது ரப்பர் வாங்கினேன்.

ஏப்ரல் 17

படம் ரிலீஸ். மூன்று பேரும் போனோம். பூபாலனுக்கு நானே தலை வாரிவிட்டேன். "மச்சான், இன்னிக்கு உன்னைத் திரையில பார்க்கப்போறே" என்று சொல்ல வாய்வரை வந்தது, சொல்லவில்லை. ஆச்சரியமாக இருக்கட்டும் என்று விட்டேன்.

என் சீன் வந்தது. கீழே வாசகம் ஓடியது, உடம்புக்குக் கேடு என்று. அதை யார் படிக்கிறார்கள்? நான் குனிந்ததுமே தியேட்டர் இடிந்தது. விசில். பின்னால் ஒருத்தன் சீட்டைக் குத்துகிறான். என் வாழ்க்கையில் இப்படிக் கேட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். வேதவல்லி திரையைப் பார்க்கவில்லை. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றபோது அவன் கேட்டான். "மாமா, கஜபதியை உங்களுக்குத் தெரியுமா?"

"எந்தக் கஜபதி?"

"இல்ல. தெரியாமத்தான் பண்ணீங்களான்னு கேட்டேன்."

அவ்வளவுதான். ஆட்டோவில் காற்று நன்றாக வந்தது. கஜபதி யார் என்று நாளைக்குக் கேட்க வேண்டும்.

ஏப்ரல் 21

கேட்கவில்லை. நேரமே இல்லை. இரண்டு டி.வி. பேட்டி. காமெடி சேனலில் அரை மணிக்கு ஒருமுறை நான்தான் வருகிறேன். செல்போனில் என் மூஞ்சியை வைத்து என்னென்னவோ செய்கிறார்கள். ஒருவர் தன் கடை ஷட்டரில், மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது, என் படத்தை ஒட்டி "எங்கேயும் போயிடாதீங்க, இதோ வந்துடறேன்" என்று எழுதித் தொங்கவிட்டிருக்கிறார். பெயரும் தெரிகிறது இப்போது. "டமாரம் அண்ணே, ஒரு தடவை சொல்லுங்கண்ணே!" மீன் மார்க்கெட்டில் சொன்னேன், பேங்க்கில் சொன்னேன், ஒரு துக்க வீட்டிலேயே சொல்லவைத்துவிட்டார்கள்.

மே 2

பூபாலன் டீக்கடைக்குப் போயிருக்கிறான். பெஞ்சில் சம்மணம் போட்டு உட்காருவது அவன் வழக்கம். செருப்பைக் கழற்றிக் குனிந்திருக்கிறான். அங்கே இருந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் வசனத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அவன் என் மச்சான் என்று தெரியும் அவர்களுக்கு. "மாமனையே காப்பியடிக்கிறியா?" என்று ஒருத்தன் கேட்டானாம். ஒருத்தன் செருப்பைக் காலால் தள்ளி, "ஐயையோ, போவுது போவுது, பிடி!" என்றானாம்.

டீக்கடைக்காரரே வந்து சொன்னார். "விளையாட்டுக்குத்தாண்ணே பண்ணாங்க. அவரு அழுதுட்டாரு."

மாடிக்குப் போனேன். தொட்டிக்குப் பின்னால் இருந்தான். பக்கத்தில் உட்கார்ந்தேன். கிண்டல் எதுவும் வாயில் வரவில்லை. எனக்கு வேறு பேச்சும் தெரியாது. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "காப்பி குடிக்கிறியா மச்சான்?" என்றேன்.

"வேணாம் மாமா. கீழ போங்க. வெயில்."

நாளைக்கு டாக்டரிடம் போகிறோம் என்று வேதவல்லியிடம் சொல்லிவிட்டேன். அவனுடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்தேன்.

மே 3

விடிந்து பார்த்தால் பூபாலன் இல்லை. செருப்பு வாசலில் இருக்கிறது. ஒட்டி வைத்து, மூக்கு வெளிப்பக்கம். வெறுங்காலோடு போயிருக்கிறான்.

மே 4

சென்ட்ரல், எழும்பூர், கோயம்பேடு. எங்கும் இல்லை. கோயம்பேட்டில் என்னோடு போட்டோ எடுத்துக்கொள்ள வரிசை நின்றார்கள். எல்லாருக்கும் அவன் போட்டோவைக் காட்டினேன். ஒருத்தர், "இவரும் ஆக்டராண்ணே?" என்றார்.

மே 5

போலீஸ் ஸ்டேஷன். நானும் வேதவல்லியும்.

ரைட்டர் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "டமாரம் சாரா! உட்காருங்க, உட்காருங்க. டீ சொல்லு." உள்ளே இருந்தவர்களும் வந்துவிட்டார்கள். நான் விஷயத்தைச் சொன்னேன். மச்சான், வயசு முப்பத்தொன்று, காணவில்லை.

"பழக்கம் ஏதாவது?" என்று கேட்டார்.

நான் கூரையைப் பார்த்தேன். வேதவல்லிதான் சொன்னாள். "கஞ்சா."

 ரைட்டர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப சார் அதை வீட்லயே பார்த்துத்தான் கத்துக்கினீங்களா! அதான் அவ்ளோ ஒரிஜினலா இருக்கு. பயப்படாதீங்கம்மா, போதை தெளிஞ்சா தானா வந்துடுவாங்க. சார், எழுதிடறோம். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை... பசங்க ஆசைப்படறாங்க."

எழுதட்டும், சீக்கிரம் எழுதட்டும் என்றுதான் நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை. எழுந்து நின்றேன். கண்ணைப் பாதி மூடினேன். செருப்பைக் கழற்றி, குனிந்து, திருப்பி வைத்தேன். சொன்னேன்.

கைதட்டினார்கள். செல்போனில் எடுத்தார்கள். பிறகு உண்மையிலேயே நல்லபடியாக எழுதிக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் வேதவல்லியைக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தாள்.

மே 9

லைட்மேன் தேவசகாயம் எங்கள் வீட்டுக்கு வந்தார். பூபாலனைக் காணவில்லை என்று யூனிட்டில் கேள்விப்பட்டாராம். உள்ளே வரவில்லை. வாசலில் அந்தச் செருப்பைப் பார்த்துவிட்டு அதன் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்துவிட்டார். வேதவல்லி கதவுக்கு உள்ளே நின்றாள்.

"அண்ணே, இது கஜபதி செருப்பு" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். லைட்மேன்கள் மேலே ஏறும்போது செருப்பை ஏணிக்குக் கீழே விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் ஏறுவார்கள். கீழே செருப்பு கிடந்தால் மேலே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அதை யாரும் தொட மாட்டார்கள், தள்ள மாட்டார்கள். கடைசிச் செருப்பு காலில் ஏறும்வரை லைட் ஏற்றுகிற கம்பி டவரைக் கழற்ற மாட்டார்கள். இத்தனை வருஷம் அந்த ஏணிகளுக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்திருக்கிறேன், எனக்குத் தெரியாது.

"கஜபதி தமாஷ் பேர்வழி. ஏறும்போதெல்லாம் செருப்பைத் திருப்பி வெச்சு, 'எங்கேயும் போயிடாதீங்க, இதோ வந்துடறேன்'னு சொல்லுவான். நாங்க சிரிப்போம். பூபாலனுக்கு அவன்னா உசுரு. ஹைதராபாத் பக்கத்துல, டவர் மேலேருந்து விழுந்தான். பூபாலன் கீழ நின்னு பார்த்துக்கினு இருந்தான்."

தேவசகாயம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாடியை எடுத்துட்டுப் போயிட்டாங்க. செருப்பு அங்கேயே இருந்துச்சு. கம்பெனில டவரைக் கழட்டச் சொன்னாங்க. பூபாலன் விடல. செருப்பு இருக்குதே, ஆள் மேல இருக்கான்னு சொல்லிக்கினு ஏணியைக் கட்டிப் பிடிச்சுக்கினான். ராத்திரி தூக்கமே இல்ல. கண்ணை மூடினா விழறான்னு கத்தினான். தூங்கட்டும்னு... அந்தப் பொட்டலத்தை நான்தாண்ணே அவன் கையில குடுத்தேன்."

பெரிய மனுஷன், தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கதவுக்கு உள்ளே வளையல் சத்தம் கேட்டது.

நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். செருப்பைப் படகு என்று சொன்னேனே, அது ஞாபகம் வந்தது.

மே 28

ஒன்றும் இல்லை. செய்தி இல்லை. மோட்டார் ரிப்பேர்.

ஜூன் 14

புதுப் படம். அதே மாதிரிக் கஞ்சா வேஷம். அதே வசனம். "அதுக்காகத்தாண்ணே உங்களைப் போட்டோம்" என்றார் டைரக்டர். இவர் வேறு தம்பி. வேண்டாம் என்று சொல்லலாம் என்று வீட்டிலிருந்து கிளம்பும்போது நினைத்தேன். அங்கே போனதும் டீ கொடுத்தார்கள், நாற்காலி போட்டார்கள், அண்ணே அண்ணே என்றார்கள். சொல்லவில்லை.

ஆக்‌ஷன் என்றார்கள். தள்ளாடினேன். செருப்பைக் கழற்றினேன். குனிந்தேன். வாயைத் திறந்தேன். லைட் அணைந்துவிட்டது.

"என்னய்யா லைட்டு?" என்று டைரக்டர் கத்தினார். "தெரியல சார், தானா போயிடுச்சு" என்று மேலேயிருந்து குரல். தேவசகாயம் குரல்.

மறுபடியும். குனிந்தேன், அணைந்தது. மறுபடியும் அணைந்தது. ஜெனரேட்டரைப் பார்க்க ஆள் ஓடினார்கள். நான் நிமிர்ந்து பார்த்தேன். இருட்டில் பலகையிலிருந்து தொங்குகிற வெறுங்கால்கள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. ஏணிக்குக் கீழே செருப்புகள்.

டைரக்டரிடம் போய், "தம்பி, அந்த வசனத்தை விட்டுடலாம். லைட்டுக்குப் பிடிக்கல" என்றேன்.

"என்னண்ணே, காமெடி பண்றீங்களா?"

"ஆமாம் தம்பி, அதுதானே தொழில். வேணும்னா சாக்கடையில விழறேன். மாட்டை விட்டு முட்டச் சொல்லுங்க. இதை மட்டும் வேற ஆளை வெச்சு எடுத்துக்குங்க."

வேறு ஆளை வைத்தால் வசனம் எடுபடாதாம். தலையில் அடித்துக்கொண்டு, சாக்கடைக்கே ஒத்துக்கொண்டார். விழுந்தேன். லைட் பளிச்சென்று எரிந்தது.

பேக்கப் ஆன பிறகும் நான் கிளம்பவில்லை. ஒவ்வொருத்தராக இறங்கி வந்து செருப்பைப் போட்டுக்கொண்டார்கள். ஏணிக்குக் கீழே தரை காலியாகிறவரை நின்றிருந்தேன். தேவசகாயம் கடைசியாக இறங்கினார். என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். என் மேல் சாக்கடை நாற்றம், அவர் தன் கையை மோந்து பார்த்து, "அண்ணே, குளிச்சிடுங்க" என்றார்.

ஜூன் 22

சாயந்திரம் மழை. நல்ல மழை, காற்றோடு.

காயப்போட்ட துணியை எடுத்தேன். அப்புறம் வாசலுக்கு ஓடி அந்தச் செருப்பை எடுத்து உள்ளே வைத்தேன். வேதவல்லி அடுக்களையிலிருந்து வந்தாள். ஸ்டேஷனுக்குப் போன நாளிலிருந்து என்னோடு பேசுவதில்லை. தட்டு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், அவ்வளவுதான். செருப்பை எடுத்தாள். வெளியே கொண்டுபோய், இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சரிதான். எடுத்துவிட்டால் ஆள் இல்லை என்று ஆகிவிடும்.

ஆனால் நனைகிறதே. வார் பழசு, ஊக்கு துருப்பிடிக்கும். கேரளாக்காரர் ஒருவர் கொடுத்த பெரிய குடை பரணில் இருந்தது. எடுத்துக்கொண்டு போய், படியில் உட்கார்ந்து, செருப்புக்கு மேலே பிடித்துக்கொண்டேன். என் தலை நனைந்தது. அது நனைந்தால் என்ன, வழுக்கைதானே.

தெருவில் பைக்கில் போன ஒருத்தன் என்னைப் பார்த்து பிரேக் போட்டான். செருப்பு, குடை, டமாரம். அவனுக்குத் தாங்கவில்லை. "எங்கேயும் போயிடாதீங்க!" என்று மழையில் கத்தினான்.

எப்போதும் போலக் கையைத் தூக்கிக் காட்டினேன். பாதி தூக்கும்போதே குடை சாய்ந்துவிட்டது.

பின்னால் கதவு திறக்கிற சத்தம். அவள் வந்து நின்றது தெரிந்தது, நான் திரும்பவில்லை. 

"குடையை இப்படிச் சாய்ச்சுப் பிடிங்க" என்றாள் வேதவல்லி. "வலது கால் செருப்பு நனையுது."

சாய்த்துப் பிடித்தேன்.